முனையில் ஒரு சேனை: மதுவத்திலும் எரிபந்தப் பங்கசிலும் நிறமூர்த்த ஓரம்

மொனராகலையில் ஒரே காலத்தில் இரண்டு பங்கசுகள் வேலை செய்கின்றன. கித்துள் பாளையில் கட்டிய முட்டிக்குள் மதுவம் சாற்றைக் கள்ளாக்குகிறது. பெரும்போக வயலில், பனி தங்கிய நெல்லிலையில், எரிபந்தப் பங்கசு இரு நுனியும் கூர்ந்து நடுவே சாம்பல் பூத்த புள்ளிகளை இடுகிறது. முன்னதை வேண்டி வளர்க்கிறோம், பின்னதற்கு அஞ்சி மருந்தடிக்கிறோம். இரண்டும் புதிய சூழலுக்கு ஈடுகொடுக்கும் திறனில் ஒரு பங்கு நிறமூர்த்த முனையை அடுத்த பகுதியின் நிலையின்மையிலிருந்து வருகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முனையையும் அதன் அயலையும் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். நேர்கோட்டு டி.என்.ஏ. இரட்டிக்கும்போது அதன் நுனி முழுமையாகப் பிரதியாவதில்லை. அந்தக் குறையைத் தெலோமியரேசு நொதியம் ஒரு சிறு தொடரைத் திரும்பத் திரும்பச் சேர்த்து ஈடுசெய்கிறது. அத்தொடர் எரிபந்தப் பங்கசில் மனிதருக்குரிய அதே டிடிஏஜிஜிஜி. மதுவத்தில் அது ஒழுங்கற்றது; திரும்பத் திரும்ப வரும் அடுக்கு முழுவதும் ஏறத்தாழ 300 மூலச் சோடி நீளமானது. எழுத்து வேறுபட்டாலும், தெலோமியர் எனப்படும் இந்த முனைக்காப்பு நின்றாக வேண்டும். 1989இல் லண்ட்பிளாடும் சொஸ்டாக்கும் ஈஎஸ்டி1 பரம்பரையலகு பழுதான மதுவத்தைத் தொடர்ந்து வளர்த்தபோது, தெலோமியர் தலைமுறைதோறும் குறுகியது. கலங்களும் மடியத் தொடங்கின.

காப்பை அடுத்து உள்ளே இருப்பது வேறு உலகம். மொனராகலை வீட்டுத்தோட்டத்தில் பலாவும் தேசியும் தலைமுறைக்கு நிற்கும்; நிறமூர்த்தத்தின் உட்பகுதி அப்படி. காட்டோரச் சேனைப் பயிர்நிலத்தில் இம்முறை குரக்கன், அடுத்த முறை சோளம். மதுவத்தின் 16 நிறமூர்த்தங்களுக்குரிய 32 முனைகளின் அயலும் அத்தகைய சேனைதான். உயிர்வாழ இன்றியமையாத பரம்பரையலகுகள் அங்கே மிக அரிது. மோல்ற்றோசைப் பயன்படுத்தும் குடும்பமும், சுக்குரோசைப் பிளக்கும் குடும்பத்தின் பல உறுப்புகளும் அங்கேயே உள்ளன. அவற்றின் எண்ணிக்கை குலவகைக்குக் குலவகை மாறும். முனைகளின் தொடர்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், வெவ்வேறு நிறமூர்த்தங்களுக்கிடையிலும் துண்டுகள் கைமாறுகின்றன. அங்கே குடியேறிய பரம்பரையலகு அடங்கிப்போவதும் உண்டு. 1990இல் கொட்ஷ்லிங் குழுவினர் அடினின் தொகுப்புக்குரிய ஒன்றை முனையருகே வைத்தபோது, ஒரே சமுதாயத்தில் வெள்ளையும் சிவப்பும் கீற்றுக் கீற்றாகத் தோன்றின. அது இயங்கிய கலங்கள் வெள்ளை, அடங்கியவை சிவப்பு.

மதுவத்தில் பெருக்கமாகத் தெரியும் இதே இயல்பு எரிபந்தப் பங்கசில் இழப்பாகத் தெரிகிறது. ஏவிஆர்-பிட்டா என்ற பரம்பரையலகு தெலோமியரை ஒட்டியே இருப்பதை 2000இல் ஓர்பக் குழுவினர் வெளியிட்டனர். பிட்டா என்ற எதிர்ப்புப் பரம்பரையலகைக் கொண்ட நெல், ஏவிஆர்-பிட்டாவின் விளைபொருளை இனங்கண்டு நோயைத் தடுக்கும். ஏவிஆர்-பிட்டா அறுந்துபோனாலோ, விகாரமடைந்தாலோ, இடையில் வேறொரு துண்டு செருகப்பட்டாலோ நெல் ஏமாறும். 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அது பல நிறமூர்த்தங்களுக்கு இடம்மாறியிருப்பதைக் காட்டி, ஒரு குலவகை இழந்ததை இன்னொன்றிடமிருந்து மீளப்பெறக்கூடும் என்றும் வாதிட்டனர். மீளப்பெறுமாயின், பிட்டா இல்லாத வயலில் அதற்கு ஏதோ பயன் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். நெல் இனங்காணும் பரம்பரையலகுகள் எல்லாமே முனையருகே இல்லை. ஆகவே இயற்கைத் தெரிவே காரணம், இடம் தற்செயல் எனலாம். மறுப்பின் முற்பகுதி சரி. பங்கசு திட்டமிட்டு எதையும் ஓரத்தில் வைக்கவும் இல்லை. ஆயினும் தெரிவுக்கு வேறுபாடுகள் தேவை; அவற்றை விரைவாக விளைவிக்கும் நிலம் முனையின் அயல். உட்பகுதியில் ஒரு துண்டு அறுந்தால் அண்டையிலுள்ள இன்றியமையாதவையும் சேர்ந்து போகலாம். ஓரத்தில் அறுந்தால் கலம் பிழைத்துவிடும்.

இதிலிருந்து இனவிருத்திக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. பங்கசின் முனையருகே உள்ள ஒரேயொரு பரம்பரையலகை நம்பி நிற்கும் எதிர்ப்பு, பங்கசு எளிதில் கைவிடக்கூடிய ஒன்றை நம்பி நிற்கிறது. பல எதிர்ப்புகளை ஒரே நெல்லில் சேர்க்கும்போது, எத்தனை சேர்த்தோம் என்பதோடு, ஒவ்வொன்றும் பங்கசின் வீட்டுத்தோட்டத்தைக் குறிவைக்கிறதா, சேனையையா என்பதையும் பார்த்தாக வேண்டும்.