மாரடைப்புக்குப் பின் விமானப் பயணம்

மாரடைப்பிலிருந்து தேறியவர் எப்போது விமானம் ஏறலாம் என்பது, கடந்த நாட்களின் எண்ணிக்கையைக் காட்டிலும் இருதயத்தின் எஞ்சிய சக்தியையே பொறுத்தது. விமானம் 35,000 அடி உயரத்தில் பறப்பினும், அதனுள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலைப்பிரதேசத்துக்கு ஒப்பாகக் காக்கப்படுவதால், இரத்தத்தில் பிராணவாயு சற்றுக் குறைந்து, இருதயம் விரைந்து துடிக்க நேரிடுகிறது. சுகதேகிக்கு இது பொருட்டன்று; நலிந்த இருதயத்துக்கோ இது சுமையாகலாம். பிரிட்டிஷ் கார்டியோவாஸ்குலர் சொசைட்டி 2010-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, 65 வயதுக்கு உட்பட்டு, முதன்முறையாக நோயுற்று, அடைப்பு நீக்கப்பெற்று, ஒவ்வொரு துடிப்பிலும் இடக்கீழறை தன் இரத்தத்தில் 45 விழுக்காட்டுக்கு மேல் வெளியேற்றும் வலிமையுடன் சிக்கலின்றி இருப்பவர், 3 நாட்களுக்குப்பின் பயணம் செய்யலாம். இடைநிலை அபாயமுள்ளோர் 10 நாட்கள் பொறுத்தல் வேண்டும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ தீராதோர், எத்துணை அவசரமாயினும், பயணத்தை ஒத்திவைப்பதே உசிதம். மருந்துகள் கைப்பையிலேயே இருத்தல் அவசியம்.