வெர்மீர் ஓவியமும் ஊடுகதிர்ச் சான்றும்

ஓவியத்தைத் தீண்டாமலே அதன் உள்ளடுக்குகளைக் காணும் வழி, 1895ஆம் ஆண்டில் ராண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்த பின்னரே அறிஞர்க்கு வாய்த்தது. பழைய ஐரோப்பிய ஓவியர் வெண்ணிறத்திற்குப் பெரிதும் ஈய வெள்ளையையே கையாண்டனர். ஈயம் கனத்த உலோகமாதலின் அக்கதிர்களைத் தடுத்து நிறுத்தும். ஆகவே, ஈய வெள்ளை தீட்டப்பெற்ற இடங்கள் மேலே வேறு வண்ணம் பூசப்பெற்றிருப்பினும் படத்தில் வெளிறித் தோன்றும். உள்ளிருப்பது யாது என்பதை இம்முறை காட்டும். அதனை மறைத்தவர் யார், எப்போது மறைத்தார் என்பவற்றைக் காட்டாது. இவ்வேறுபாட்டின் அருமையை ஓர் ஓவியத்தின் வரலாறு நமக்கு நன்கு விளக்குகின்றது.

ஜெர்மனியின் டிரெஸ்டன் ஓவியக்கூடத்தில் உள்ளது அவ்வோவியம். திறந்த சாளரத்தருகே நின்று கடிதம் படிக்கும் இளநங்கையை, டச்சு ஓவியர் வெர்மீர் (1632-1675) ஏறத்தாழ 1657-59இல் தீட்டினார். 1742இல் அது சாக்சனி ஆட்சியாளரின் தொகுப்பிற்கு வந்தபோது ரெம்பிராண்டின் படைப்பென்றே எண்ணப்பட்டது. நங்கையின் பின்னே வெறுஞ்சுவர். அவ்வெறுமையே அவள்தன் தனிமையை உணர்த்துவதெனப் போற்றினோர் பலர்.

1979இல் எடுக்கப்பெற்ற எக்ஸ் கதிர்ப்படம், அச்சுவரில் ரோமரின் காதற்கடவுளாகிய க்யூபிட்டின் ஓவியம் ஒன்று மறைந்திருப்பதைக் காட்டியது. வில்லேந்திய அச்சிறுவன் நம் காமவேளுக்கு உறவினன் எனலாம். வெர்மீரே தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டு அவனை மறைத்தார் என்று ஆராய்ச்சியாளர் கருதினர். அக்கருத்துக்கு இடமும் இருந்தது. வலப்பக்கத் திரைச்சீலை உள்ள இடத்தில் முதலில் பெரிய கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைத் தீட்டிப் பின்னர் அவரே மறைத்திருந்தார். ஒன்றை மறைத்தவர் மற்றொன்றையும் மறைத்திருப்பார் என்பது இயல்பான துணிபே. ஆயினும் அது சான்றாகாது. ஏட்டுச்சுவடிகளில் திருத்தம் வேறு, இடைச்செருகல் வேறு என்பதைப் பதிப்பாசிரியர் நன்கறிவர்.

2017இல் செப்பனிடும் பணி தொடங்கியபோது, சுவர்ப்பகுதியின் பூச்சு ஏனைய பகுதிகளினின்றும் வேறுபட்டு நடந்துகொண்டது. அங்கிருந்து எடுத்த நுண்ணிய துணுக்குகளின் குறுக்குவெட்டை ஆராய்ந்தபோது, க்யூபிட்டின் உருவத்திற்கும் மேற்பூச்சிற்கும் இடையே வார்னிஷும் அதன்மேல் படிந்த அழுக்கும் காணப்பட்டன. அழுக்கு ஒரு நாளில் படிவதன்று. ஓவியம் நிறைவுற்றுப் பல பத்தாண்டுகள் கழிந்தபின், அஃதாவது வெர்மீர் இறந்தபின், பிறிதொருவர் கை அதனை மறைத்தது என்பது இதனால் உறுதியாயிற்று. தீண்டாத கதிர்கள் வினாவை எழுப்பின; விடையை அளித்தது மணலளவான ஒரு துணுக்கே என்பது கருதத்தக்கது.

மேற்பூச்சை நீக்கியது முறையா என்று சிலர் வினவக்கூடும். நீக்கியதை மீண்டும் கொணர இயலாதன்றோ? 1979ஆம் ஆண்டுப் படத்தை மட்டும் நம்பி நீக்கியிருப்பின், அது அடாத துணிச்சலாகவே முடிந்திருக்கும். வெர்மீரே மறைத்திருந்தால் அவர்தம் இறுதி முடிவை அழித்த பழி நேர்ந்திருக்கும். காலம் உறுதிப்பட்ட பின்னர் நீக்கியமையால் அச்செயலை நாம் ஏற்கின்றோம். நுண்பெருக்காடியின்கீழ்க் கூரிய கத்தி கொண்டு, பழைய வார்னிஷ் அடுக்கிற்கு ஊறு நேராவண்ணம் சிறிது சிறிதாகச் சுரண்டி எடுத்தனர்.

2021 செப்டம்பரில் முழு ஓவியம் மக்கள் பார்வைக்கு வைக்கப்பெற்றது. க்யூபிட் தரையிற் கிடக்கும் பொய்முகங்களைக் காலால் மிதித்து நிற்கின்றான். வஞ்சனையை வெல்லும் மெய்க்காதலின் குறி அதுவென்பர். நங்கை கையிலுள்ளது எத்தகைய கடிதம் என்பதைச் சுவரே கூறிவிடுகின்றது.