தலைவனின் களஞ்சியம்

ஆபிரிக்கக் கண்டத்தின் தென்கிழக்கே, மொசாம்பிக்கை ஒட்டிக் கிடக்கிறது சிம்பாபுவே என்னும் நாடு. அங்கே பெருந்தொகையினராக வாழ்பவர் சோணா மக்கள். அவர்தம் மொழியில் தந்தையின் தமையனைப் 'பாபாமுக்குரு' என்றும், தந்தையின் தம்பியைப் 'பாபாமுனினி' என்றும் அழைப்பர். 'பாபா' என்பது அப்பா. ஆகவே முன்னவர் பெரிய அப்பா. பின்னவர் சிறிய அப்பா. தாயின் தங்கையை 'மயினினி' என்பர். அதன் பொருளும் சின்னம்மாவே. கடல் கடந்த அந்த நாட்டிலும் நம் வீடுகளிற்போலவே ஒரு பிள்ளைக்குத் தந்தையர் பலர், தாய்மார் பலர் என்பது நேயர்களுக்கு வியப்பளிக்கலாம்.

இத்தகைய முறைப்பெயர்கள் வெறும் மரியாதைச் சொற்கள் அல்ல. அவை பொறுப்பைக் குறிப்பவை. தந்தை இறந்தால் பிள்ளை தந்தையற்றதாகி விடுவதில்லை. பெரிய தந்தையோ சிறிய தந்தையோ அதனைத் தம் பிள்ளைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொள்வார். பெற்றாரை இழந்த பிள்ளையைக் குறிக்க 'நெரேரா' என்ற சொல் சோணா மொழியில் உண்டு. ஆனால், அச்சொல்லுக்குரிய பிள்ளை உணவின்றி, உறைவிடமின்றித் தெருவில் நின்றால் அஃது அக்குலம் முழுவதுக்கும் வந்த பழியென்றே கருதப்பட்டது.

குடும்பத்தால் இயலாத இடத்தில் ஊர் முன்வந்தது. ஊர்த் தலைவனுக்கென ஒரு நிலம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஊரவர் அனைவரும் முறைவைத்து அந்நிலத்தை உழுது, விதைத்து, களையெடுத்து, அறுவடை செய்து, விளைந்த தானியத்தைத் தலைவனின் களஞ்சியத்திற் சேர்த்தனர். மழை பொய்த்த ஆண்டில் ஊரவர்க்கும், மற்றைய காலத்தில் விதவைகள், முதியோர், பெற்றாரற்ற பிள்ளைகள் ஆகியோர்க்கும் அக்களஞ்சியம் திறந்தது. இந்த ஏற்பாட்டுக்கு 'சுண்டே ராமாம்போ' என்று பெயர். பிச்சை கேட்டு நிற்கும் இழிவை யாருக்கும் நேரவிடாமல் பசி போக்கிய ஏற்பாடு அது. அத்தானியத்தை உண்ட விதவையும் அந்த வயலில் உழைத்தவளே யன்றோ?

பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் இந்த ஏற்பாடு தளர்ந்தது. நல்ல நிலங்கள் வெள்ளையர் பண்ணைகளாயின. வரி கட்டப் பணம் வேண்டியிருந்தமையால் ஆடவர் சுரங்கங்களுக்கும், பண்ணைகளுக்கும், நகரங்களுக்கும் பெயர்ந்தனர். மனைவியும் மக்களும் ஊரிலே, கணவன் நகரிலே. 1980 ஆம் ஆண்டில் நாடு விடுதலை பெற்ற பின்னரும் இந்தப் பிரிந்த வாழ்வு பல குடும்பங்களில் தொடர்ந்தது. ஐந்தாண்டு கழிந்து, 1985 ஆம் ஆண்டில், எயிட்ஸ் நோய் அந்நாட்டில் இனங்காணப்பட்டது.

அந்நோயை விளைவிக்கும் எச்.ஐ.வி. என்னும் வைரசு உடலின் எதிர்ப்பாற்றலை மெல்ல மெல்ல அழிப்பது. உடலிற் புகுந்து பல ஆண்டுகள் வரை அது வெளிப்படையான அறிகுறியின்றி இருக்கக்கூடும். பாலுறவின் வழியாகவே பெரிதும் பரவுவதால், கணவனைப் பற்றியது மனைவியையும் பற்றிற்று. 1990 களின் பிற்பகுதியில் அந்நாட்டின் வயதுவந்தோரில் நால்வருள் ஒருவருக்கு மேற்பட்டோர் இந்த வைரசுடன் வாழ்ந்தனர். 1980 களின் நடுப்பகுதியில் அறுபதை அண்டியிருந்த சராசரி ஆயுட்காலம், 2000 களின் தொடக்கத்தில் நாற்பதைச் சற்றே தாண்டிய அளவிற்குக் குறுகியது. 2005 ஆம் ஆண்டளவில், எயிட்ஸ் நோயினால் தாய் தந்தையருள் ஒருவரையேனும் இழந்த பிள்ளைகள் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் இருந்தனர் என ஐக்கிய நாடுகள் நிறுவனங்கள் மதிப்பிட்டன.

ஈண்டு நாம் ஒன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். பஞ்சம் வந்தால் முதலில் முதியோரும் குழந்தைகளும் மாள்வர். இந்நோயோ உழைக்கும் வயதினரையே தேடிச் சென்றது. தந்தையைக் கொண்டுபோன அதே நோய், அவர் தமையனையும் தம்பியையும் கொண்டுபோயிற்று. தாய்க்குப் பதிலாக நிற்க வேண்டிய சின்னம்மாவும் படுக்கையில் விழுந்தாள். பெரிய அப்பா, சிறிய அப்பா என்ற வலை ஒரே தலைமுறையைக் கொண்டு பின்னப்பட்டது. அந்தத் தலைமுறையே விழுந்தபோது வலையின் நடுப்பகுதி அறுந்து, ஓரங்கள் மட்டும் எஞ்சின. ஓர் ஓரத்தில் பாட்டனும் பாட்டியும். மறு ஓரத்தில் பிள்ளைகள்.

மரபும் ஓரளவு இடர் தந்தது. இறந்தவனின் மனைவியை அவன் உடன்பிறந்தான் ஏற்று வாழும் வழக்கம் சோணா மக்களிடையே இருந்தது. விதவையும் பிள்ளைகளும் கைவிடப்படாதிருக்க எழுந்த வழக்கம் அது. ஆனால் அதுவே இப்போது ஒரு வீட்டு நோயை மறு வீட்டுக்குக் கொண்டுசெல்லும் வழியாகவும் அமைந்தது. மக்கள் அதனைக் கைவிடத் தொடங்கினர். அங்ஙனம் கைவிட்டபோது, பிள்ளைகளைத் தந்தைவழியினர் ஏற்கும் முறையும் உடன் தளர்ந்தது.

மொசாம்பிக் எல்லையோரத்தில், பெய்ரா துறைமுகத்திலிருந்து வரும் பெருவழியில் அமைந்த நகரம் முத்தாரே. அந்நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் ஜெப் பொஸ்டர் என்னும் குழந்தை மருத்துவரும் அவருடைய தோழர்களும் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தனர். 1995 ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வு, பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழப் பதின்மூவர் தாய் தந்தையருள் ஒருவரையேனும் இழந்திருந்தனர் எனக் காட்டியது. அதனினும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அப்பிள்ளைகள் பெரும்பாலும் உறவினராலேயே வளர்க்கப்பட்டனர். ஆனால் வளர்த்தவர் பலர் தந்தைவழியினர் அல்லர், தாய்வழியினர். மரபு இவர்தம் கடமை என்று கூறாத இடத்தில், தாயைப் பெற்ற கிழவிகள் தாமாகவே தோள் கொடுத்தனர். குடும்பம் என்ற அமைப்பு உடையவில்லை, வடிவம் மாறிற்று. எனினும் வேறோர் அடையாளமும் அங்கே தென்பட்டது. மூத்த பிள்ளையே தலைவனாகவோ தலைவியாகவோ நின்று தம்பி தங்கையரை வளர்க்கும் வீடுகள் ஆங்காங்கே தோன்றத் தொடங்கியிருந்தன.

அத்தகைய வீடுகளுக்கு யார் துணை? அந்த மருத்துவர் 1987 ஆம் ஆண்டில் முத்தாரேயில் தொடக்கிவைத்த குடும்ப எயிட்ஸ் பராமரிப்பு நிதியம், 1993 ஆம் ஆண்டில் ஒரு கிராமப் பகுதியில் எளியதொரு திட்டத்தை ஆரம்பித்தது. கட்டடம் எழுப்பவில்லை, விடுதி அமைக்கவில்லை. அப்பகுதித் தேவாலயங்களைச் சேர்ந்த பெண்கள் முன்வந்தனர். அவர்களுட் பலர் தாமே விதவைகள். தாமே பெற்றாரற்ற பிள்ளைகளை வளர்த்தவர்கள். தத்தம் வீட்டருகேயுள்ள பிள்ளைகளின் பெயரைப் பதிந்து, அவ்வீடுகளுக்கு ஒழுங்காகச் சென்றுவந்தனர். சோளக் கொல்லையில் களை பிடுங்கினர். ஒழுகும் கூரையை வேய்ந்தனர். பிள்ளை பாடசாலைக்குப் போகாத காரணத்தை விசாரித்தனர். மிக வறிய வீடுகளுக்கு விதையும், போர்வையும், பாடசாலைக் கட்டணமும் நிதியத்திலிருந்து பெற்றுக் கொடுத்தனர். யாவற்றுக்கும் மேலாக, வந்து அமர்ந்து பேசினர். தனித்திருக்கும் பிள்ளைக்கு, நம்மைத் தேடி ஒருவர் வருவார் என்ற நம்பிக்கை, தானியத்துக்கு அடுத்த உணவாகும்.

அதே பத்தாண்டில் பழைய களஞ்சியமும் நினைவுக்கு வந்தது. பாரம்பரியத் தலைவர்களும் அரசாங்கமும் சேர்ந்து 'சுண்டே ராமாம்போ' முறையைப் பல இடங்களில் மீண்டும் உயிர்ப்பித்தனர். முன்பு மழை பொய்த்த ஆண்டுக்கெனச் சேர்த்த தானியம், இப்போது நோயால் வெறுமையான வீடுகளுக்குச் சென்றது. எல்லா இடத்திலும் அது வெற்றி பெற்றதெனக் கூறுதற்கில்லை. நிலம் போதாத ஊர்களும், உழைக்கும் கைகள் குறைந்த ஊர்களும் பல.

அந்நாட்களில் வெளிநாடுகளிலிருந்து வந்த நல்லெண்ணத்தார் சிலர் பெரிய அனாதை விடுதிகளைக் கட்ட முன்வந்தனர். ஒரு பிள்ளையை விடுதியில் வளர்க்கும் செலவில் உறவினர் வீடுகளில் வளரும் பிள்ளைகள் பலரைத் தாங்கலாம். அன்றியும், விடுதிக்குச் சென்ற பிள்ளை தன் உறவையும், ஊரையும், தந்தையின் நிலத்தின்மீது தனக்குள்ள உரிமையையும் இழக்க நேரிடும். இவற்றை எண்ணியே 1999 ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை, உறவினர் குடும்பத்தை முன்னிறுத்தி, விடுதியை வேறு வழியில்லாத போதே நாடவேண்டிய இறுதிப் புகலிடமாக வைத்தது.

ஆயினும் உறவினரே இல்லாதார் என் செய்வர்? பெரும் பண்ணைகளில் உழைத்தோரில் கணிசமானோர் மலாவியிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் சாம்பியாவிலிருந்தும் வந்தவரின் வழித்தோன்றல்கள். அவர்களுக்கு அருகில் பாட்டியும் இல்லை. தலைவனின் களஞ்சியமும் இல்லை. 1990 களின் நடுப்பகுதியில் பண்ணைப் பிள்ளைகளுக்கென ஒரு நிதியம் தோன்றி, அவர்களை அப்பண்ணைகளிலேயே வளர்ப்புக் குடும்பங்களிற் சேர்க்க முயன்றது. 2000 ஆம் ஆண்டுக்குப் பின் நடந்த நிலப் பங்கீட்டில் பண்ணைத் தொழிலாளர் பலர் இடம்பெயர்ந்தபோது, அம்முயற்சியின் அடித்தளமே ஆட்டங்கண்டது. ஊர் காக்கும் என்ற நம்பிக்கை, ஊரென ஒன்றை உடையவர்க்கே பயன் தரும் என்பதை இது நமக்கு உணர்த்துகிறது.

இனி அரசாங்கத்தின் பங்கை நோக்குவோம். 1999 ஆம் ஆண்டில், எயிட்ஸ் நோயை எதிர்கொள்வதற்கென வருமான வரியின்மீது நூற்றுக்கு மூன்று வீதம் மேல்வரி விதிக்கச் சட்டம் செய்யப்பட்டது. வெளிநாட்டு உதவியை மட்டும் எதிர்பாராது தன் மக்களின் உழைப்பிலிருந்தே இதற்கென நிதி திரட்டிய அச்செயலைப் பிறநாட்டார் வியந்து நோக்கினர். 2001 ஆம் ஆண்டில், வறிய பிள்ளைகளின் பாடசாலைக் கட்டணத்தைச் செலுத்தும் திட்டம் தொடங்கியது. யாருக்கு உதவி என்பதைத் தெரிவு செய்யும் பொறுப்பு ஊர்க் குழுக்களுக்கு அளிக்கப்பட்டது. எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை அயலவரே அறிவர். ஆனால் 2008 ஆம் ஆண்டில் நாட்டின் நாணயம் மதிப்பிழந்து வீழ்ந்தபோது, வரியாகத் திரண்ட பணமும் கட்டணமாகக் கொடுத்த பணமும் ஒருங்கே பயனற்றுப் போயின. அவ்வேளையிலும் கிழவியரின் அடுப்புகளே புகைந்தன.

மருந்து வந்த பின்னரே நிலைமை மாறிற்று. 2004 ஆம் ஆண்டில் அரசாங்க வைத்தியசாலைகள் வைரசை அடக்கும் மருந்துகளை வழங்கத் தொடங்கின. கருவுற்ற தாய்க்கு மருந்தளித்தால் பிள்ளைக்கு நோய் தொற்றாது காக்கலாம் என்பதும் உறுதியாயிற்று. சிகிச்சை இல்லாதவிடத்து நூற்றுக்குப் பதினைந்து முதல் நாற்பத்தைந்து பிள்ளைகள் வரை தாயிடமிருந்து தொற்றுப் பெறுவர். தகுந்த சிகிச்சையால் அதனை ஐந்துக்கும் கீழே குறைக்கலாம். பெற்றாரற்ற பிள்ளைக்குச் செய்யும் உதவிகளுள் தலையாயது, அதன் பெற்றாரைச் சாகவிடாது காப்பதே என்பதை உலகம் காலந்தாழ்த்தியே கண்டுகொண்டது.

தாயிடமிருந்தே தொற்றுப் பெற்றுப் பிறந்த பிள்ளைகளும் இருந்தனர். அவர்கள் வளர்ந்து பதின்பருவத்தை எய்தியபோது, மருந்தை நாள்தோறும் தவறாது உட்கொள்வது பெருஞ்சுமையாயிற்று. தாய் இல்லை, கேட்பார் இல்லை, பாடசாலையில் பிறர் அறிந்தால் ஏளனம். 2004 ஆம் ஆண்டில் தலைநகர் ஹராரேயில் அத்தகைய இளையோர் சிலர் கூடிப் பேச ஒரு குழு உருவாயிற்று. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஸ்வாந்திரி'. 'நான் இருக்கிறபடி' என்பது அதன் பொருள். அக்குழுவிலிருந்து ஒரு முறை வளர்ந்தது: வைரசுடன் வாழும் பதினெட்டு முதல் இருபத்துநான்கு வயது வரையுள்ள இளைஞர் பயிற்சி பெற்று, தம்மைப் போன்ற இளையோரின் வீடுகளுக்குச் சென்று துணை நிற்பர். பிந்துரா, சாம்வா என்னும் இரு மாவட்டங்களில் நடந்து 2020 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, இத்துணையைப் பெற்றவர்களிடையே சிகிச்சை தோல்வியுறுவது கணிசமாகக் குறைந்ததென நிறுவியது. முப்பது ஆண்டுகளுக்கு முன் தேவாலயப் பெண்கள் செய்த அதே பணி இது: போதல், அமர்தல், கேட்டல். அன்று வருகைக்காகக் காத்திருந்த பிள்ளைகளின் வரிசையிலிருந்தே இன்று வருகை புரிவோர் எழுந்திருக்கின்றனர்.

நேயர்களே, இவ்வரலாற்றை இருவகையாகக் கூறலாம். ஆபிரிக்கக் குடும்பத்தின் பாசம் அளப்பரியது, அதுவே யாவரையும் காத்தது என்று கூறி மகிழலாம். அஃது உண்மையே; ஆனால் பாதி உண்மை. பாசத்தைப் புகழ்வோர் பலர், அப்புகழ்ச்சியோடு தம் கடமை முடிந்ததெனக் கருதினர். எழுபது வயதுக் கிழவி ஆறு பேரப்பிள்ளைகளைச் சுமந்தபோது அதனைப் பண்பாடு என்றனர். அவள் எத்தனை வேளை உண்ணாதிருந்தாள் என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. கட்டணமும், விதையும், மருந்தும் சேர்ந்த இடத்தில் அவள் பாசம் பிள்ளைகளை வாழவைத்தது. அவை சேராத இடத்தில் அவளும் அவர்களோடு சேர்ந்து வாடினாள்.

தலைவனின் களஞ்சியம் கற்பிப்பதும் இதுவே. களஞ்சியம் தானாக நிறைவதில்லை. ஊரவர் ஒவ்வொருவரும் தம் வயலை விட்டு ஒரு நாள் அந்த வயலுக்குச் சென்றதனாலேயே அதில் தானியம் இருந்தது. பெற்றாரற்ற பிள்ளையை ஏற்கும் வீடு எதுவாயினும், அவ்வீட்டை நிரப்பும் வயலில் உழைக்க வேண்டியவர் நாம் எல்லோரும்.