முன்பிள்ளைப்பருவத் தரவுகள் (வன்னி)

இலங்கையின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில், பிள்ளைகளின் வளர்ச்சியைக் கண்காணித்து அவர்களைத் தரம் 1இற்கு ஆயத்தப்படுத்த உதவும் கிராம மட்டத் தகவல்கள். குடும்பநல உத்தியோகத்தரின் பதிவுகள் இவற்றின் அடிப்படை. பிறப்பு நிறை, தடுப்பூசி, நிறை, உயரம், நடையும் பேச்சும் தொடங்கிய வயது ஆகியவை தாயிடமுள்ள வளர்ச்சிப் பதிவேட்டிலும் குறிக்கப்படும்.

இவற்றை முன்பள்ளி வரவோடும் கிராம அலுவலரின் குடும்ப விபரத்தோடும் ஒப்பிட்டால், எந்த ஊரில் போசாக்குக் குறைவு, எந்தப் பிள்ளை முன்பள்ளிக்கு வெளியே நிற்கிறது என்பது புலப்படும். அதற்கேற்பச் சத்துணவு, முன்பள்ளி, ஆசிரியர் தேவைகளைத் திட்டமிடலாம்.

2009இல் முடிந்த உள்நாட்டுப் போரில் குடும்பங்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்து ஆவணங்களை இழந்தன. ஆகவே மீள்குடியேறிய ஊர்களில் பதிவுகளைப் புதுப்பிப்பது இன்றியமையாதது. அப்போது பெற்றோரின் சம்மதம் பெறப்படவும் பிள்ளையின் அந்தரங்கம் பேணப்படவும் வேண்டும்.