டம்ளரும் பலகையும்

தாம்பரம் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் எனக்கு ஒரு ஃபில்டர் காபி வேணும். நின்னுக்கிட்டே குடிச்சுட்டு டம்ளரை வைச்சுட்டுக் கிளம்பணும். பக்கத்தில் நிற்பவர் என்ன சாதி என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வி தானாக மறையவில்லை.

1931இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. 1937இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து இங்கே இடம் மாறியது. மூன்றாம் வகுப்புப் பெட்டியில் எல்லோரும் இடித்துக்கொண்டுதான் வந்தார்கள். ஆனால் அந்தக் காலத்துச் சென்னையில் காபி குடிக்க உட்கார்ந்தால் கதை வேறு. பல காபி கிளப்புகளில் பிராமணர்களுக்குத் தனி இடம். ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளிலும் அப்படியே.

சுதந்திரம் வந்தும் ‘பிராமணாள்’ பலகைகள் இறங்கவில்லை. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியார் மறியலைத் தொடங்கினார். மாதக்கணக்கில் தொண்டர்கள் கைதாகிக்கொண்டே இருந்தார்கள். அடுத்த ஆண்டுதான் அந்தப் பலகையிலிருந்து ‘பிராமணாள்’ போனது. கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை அதற்குப் பிறகும் நெடுங்காலம் நீடித்தது.

இப்போது தாம்பரம் பக்கம் ஏசி போட்ட சின்னச் சின்ன காபி ஷாப்கள் வந்துவிட்டன. ஒரு கப்பை வைத்துக்கொண்டு ரெண்டு மணி நேரம் உட்காரலாம், நானும் உட்கார்ந்திருக்கிறேன். வாசலில் பலகை கிடையாது, விலைப்பட்டியல்தான். எதிரே கட்டடம் கட்டுகிற வடமாநிலத் தொழிலாளிகள் ரோட்டோரம் நின்று டீ குடிக்கிறார்கள். அவர்களை யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் ஒருவர்கூட உள்ளே வந்து நான் பார்த்ததில்லை.