எத்தனை கோர் வேண்டும்? ஒரு கேள்வியின் வரலாறு

பதிவு கொஞ்சம் நீளம்தான். சாவகாசமாகப் படியுங்கள்.

நம்ம கொங்கு நாட்டில் மோட்டார் வாங்கப் போகிறவர் கடைக்குள் நுழைந்ததும் "எத்தனை எச்.பி. போடலாங்க?" என்றுதான் கேட்பார். கடைக்காரர் விவரமானவராக இருந்தால் உடனே பதில் சொல்ல மாட்டார். "கிணறு எத்தனை அடிங்க, ஊத்து எப்படி?" என்று திருப்பிக் கேட்பார். ஊற்று இல்லாத கிணற்றில் 10 எச்.பி. போட்டாலும் அரை மணி நேரத்தில் மோட்டார் காற்றைத்தான் இழுக்கும். 1930-களில் பைகாரா மின்சாரம் வந்து, 1937-ல் ஜி.டி. நாயுடு கோவையிலேயே மோட்டார் செய்து காட்டிய காலத்திலிருந்து நமக்குப் பழகிய கணக்கு இது. கம்ப்யூட்டர் வாங்கும்போது மட்டும் ஊற்றைப் பார்க்காமல் எண்ணை மட்டும் கேட்கிறோம்.

இப்போது பிள்ளைகள் கேம் விளையாட வீட்டில் கம்ப்யூட்டர் வேண்டும் என்கிறார்கள். பழைய மாணவர்கள் போன் போட்டு, "சார், எட்டு கோர் போதுமா, பதினாறு போடறதாங்க?" என்று கேட்கிறார்கள். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்துவிட்டுக் கணக்கும் சமூக அறிவியலும் நடத்தியவன். ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது தெரிந்தால் பதில் கிட்டத்தட்ட தானாகவே கிடைத்துவிடும்.

2000-க்கு முன்னும் பின்னும் யாரும் கோர் என்று கேட்டதில்லை. "எத்தனை மெகாஹெர்ட்ஸ்?" என்பதுதான் கேள்வி. 1993-ல் வந்த முதல் பென்டியம் 60, 66 மெகாஹெர்ட்ஸ். அதை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர் நம் நாட்டில் பிறந்த வினோத் தாம். ஏழே வருடத்தில், 2000 மார்ச்சில், ஏஎம்டி நிறுவனத்தின் அத்லான் 1,000 மெகாஹெர்ட்ஸைத் தொட்டது. இன்டெல் இரண்டு நாள் தாமதமாக வந்து சேர்ந்தது. ஊரெல்லாம் பிரவுசிங் சென்டர் முளைத்த காலத்தில் வெளியே பலகையில் "பென்டியம் 4" என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருப்பார்கள், நினைவிருக்கிறதா? அந்தக் காலத்தில் கேம் எழுதுபவருக்கு ஒரு சுகம். அடுத்த வருடம் வேகமான சிப் வரும், எழுதிய கேமில் ஒரு வரியும் மாற்றாமல் அது தானாகவே வேகமாக ஓடும்.

2004-ல் வண்டி நின்றது. காரணம் சூடு. வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். மின்னழுத்தம் கூடினால் செலவாகும் மின்சாரம் அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 நூறு வாட்டுக்கு மேல் இழுத்தது. 60 வாட் குண்டு பல்பு இரண்டை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்த மாதிரி. 10 கிகாஹெர்ட்ஸ் வரை போகலாம் என்று நம்பிய இன்டெல், 4 கிகாஹெர்ட்ஸ் சிப்பையே கைவிட்டது. அதன் தலைவர் கிரெய்க் பாரெட், 2004 அக்டோபரில் ஒரு மாநாட்டு மேடையில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். பாதி விளையாட்டாகத்தான். ஆனாலும் மண்டியிட்டது உண்மை.

ஒரு மூளையை வேகமாக்க முடியவில்லை, ஆகவே இரண்டு மூளையை ஒரே சிப்பில் வைத்தார்கள். பெரிய சர்வர்களில் ஐபிஎம் 2001-லேயே இதைச் செய்திருந்தது. 2005 மே மாதம் இன்டெலின் பென்டியம் டி, ஏஎம்டியின் அத்லான் 64 எக்ஸ்2 இரண்டும் வீட்டுக்கு வந்தன. 2006-ல் கோர் 2 டுவோ, 2007-ல் நான்கு கோர். அதாவது கேமுக்கு வேண்டும் என்று கேட்டு யாரும் கோரைப் பெருக்கவில்லை. வேறு வழி அடைபட்டதால் பெருக்கினார்கள். மென்பொருள் எழுதும் ஹெர்ப் சட்டர் 2005-ல் எழுதிய கட்டுரைக்கு 'இலவசச் சாப்பாடு முடிந்தது' என்ற பொருளில் தலைப்பு வைத்தார். நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால், பந்தி முடிஞ்சுது, இனி அவரவரே சமைச்சுக்கணும்.

சமைப்பது ஏன் கஷ்டம் என்பதைச் சோமனூரில் விசைத்தறி ஓட்டும் ஒரு மாணவரிடம் அவர் தொழிலை வைத்தே சொன்னேன். மீட்டருக்கு இத்தனை என்று கூலிக்கு நெய்பவர். பிளஸ் டூ முடித்த மகனுக்குக் கடையில் எழுதிக் கொடுத்த பட்டியலைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். 16 கோர் பிராசசர், அதோடு இருப்பதிலேயே சின்ன கிராபிக்ஸ் கார்டு. தொகையைப் பார்த்தால் அவருக்குப் பல மாதக் கூலி.

"தம்பி, சைசிங் முடிஞ்சு பீம் வர 10 நாள், அப்புறம் ஒரே தறியில் ஓட்டினால் 30 நாள் என்று வைத்துக்கொள். மொத்தம் 40. இரண்டு தறி போட்டால்?"

"25 நாளுங்க சார்."

நாலு தறியில் பதினேழரை. எட்டில் பதினாலுக்குக் கொஞ்சம் குறைவு. பதினாறில் கிட்டத்தட்ட 12. எட்டுத் தறியைப் பதினாறாக்க இன்னொரு எட்டுத் தறிக்குக் காசு போட்டால் மிச்சம் இரண்டு நாள்கூட இல்லை. எத்தனை தறி போட்டாலும் சைசிங்கின் 10 நாள் குறையாது. அவர் உடனே, "பீம் வராம தறிய வெச்சுட்டு என்னங்க சார் பண்றது?" என்றார். இந்தக் கணக்கை ஜீன் ஆம்டால் என்ற கணினிப் பொறியாளர் 1967-லேயே சொல்லிவிட்டார். அவர் பெயரிலேயே அது விதியாக நிற்கிறது.

கேமில் சைசிங் எது? வினாடிக்கு 60 படம் காட்ட வேண்டுமானால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லி வினாடி. அதற்குள் பிள்ளை எந்தப் பொத்தானை அழுத்தினான், அதனால் ஆள் எங்கே நகர்ந்தான், எதில் மோதினான், திரையில் என்ன வரைய வேண்டும் என்று பார்த்து, வேலையைக் கிராபிக்ஸ் கார்டிடம் ஒப்படைக்க வேண்டும். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. ஒலி, கூட்டத்தில் நடமாடும் ஆட்கள், அடுத்த இடத்தின் படங்களை எடுத்து வைப்பது போன்றவற்றைத்தான் மற்ற கோர்களுக்குப் பிரித்துத் தரலாம். 1999-ல் வந்த குவேக் 3 கேமிலேயே இரண்டு பிராசசரைப் பயன்படுத்தும் வசதி இருந்தது. நடைமுறையில் அதை உபயோகித்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

கேம் எழுதுபவர்களைக் கட்டாயப்படுத்தியது டிவியோடு இணைக்கும் கேம் பெட்டிகள். 2005-ல் எக்ஸ்பாக்ஸ் 360-இல் மூன்று கோர். 2013-ல் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டிலும் எட்டு, ஆனால் ஒவ்வொன்றும் நோஞ்சான். ஒரு கோரை நம்பி எழுதினால் கேம் நகராது, ஆகவே பிரித்து எழுதப் பழகினார்கள். 2020-ல் வந்த பிளேஸ்டேஷன் 5-லும் எட்டுதான், இந்த முறை பலமானவை. பெரிய கேம்கள் பெரும்பாலும் இந்தப் பெட்டிகளையும் மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. எட்டுக்கு மேல் போட்டால் பலன் ஏன் குறைவு என்பதற்கு இது முக்கியமான காரணம்.

நடுவில் ஒரு வேடிக்கை நடந்தது. நம் அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கிய அதே 2011-ல், ஏஎம்டி எட்டு கோர் என்று சொல்லி எஃப்எக்ஸ் சிப்பை விற்றது. இரண்டிரண்டு கோர் சேர்ந்து தசமக் கணக்குப் போடும் பகுதியைப் பங்கு போட்டுக்கொண்டன. இரண்டு குடித்தனத்துக்கு ஒரே அடுப்படி! பல கேம்களில் இன்டெலின் நான்கு கோர் அதை முந்தியது. எட்டு என்று சொன்னது சரியா என்று அமெரிக்காவில் வழக்கே நடந்து, 2019-ல் 1 கோடியே 21 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. எதிர்ப்பக்கம் இன்டெல் சாதாரண வீட்டுச் சிப்பில் பத்து வருடம் நான்கைத் தாண்டவே இல்லை. 2017-ல் ஏஎம்டி எட்டு கோர் ரைசனைக் கொண்டுவந்த பிறகு, அதே வருடம் ஆறுக்கு வந்தது. போட்டி இல்லாவிட்டால் யாரும் அசைய மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

2022-ல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி கணக்கையே புரட்டியது. எட்டு கோர்தான். ஆனால் தறிக்குப் பக்கத்திலேயே நூல் கூடையை வைத்த மாதிரி, அடிக்கடி தேவைப்படும் விவரங்களை வைக்கும் கேச் நினைவகத்தை 96 எம்பி ஆக்கினார்கள். பெரும்பாலான கேம்களில் அது அதே நிறுவனத்தின் 16 கோர் சிப்பை முந்தியது.

சோமனூர் மாணவரிடம் சொன்னது இதுதான். கேமுக்கும் படிப்புக்கும் இன்றைய தலைமுறை ஆறு கோர் போதும். ஐந்தாறு வருடம் தாங்க வேண்டும், கையிலும் காசு இருக்கிறது என்றால் எட்டு. வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வேலை இருந்தால் மட்டும் அதற்கு மேல். மிச்சத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடு, படம் வரைவது அதுதான். மகனுக்குக் கொஞ்சம் வருத்தமாம், நண்பர்களிடம் பதினாறு என்று சொல்லிவிட்டானாம்.

இன்னொன்று. 2021 முதல் இன்டெல் பெரிய கோர், சின்ன கோர் என்று இரண்டு வகையைக் கலந்து வைக்கிறது. பட்டியலில் 14 கோர் என்று இருக்கும், பார்த்தால் ஆறு பெரியது, எட்டு சின்னது. கேமின் முக்கிய வேலையைச் சுமப்பது பெரியவைதான். ஆகவே கடையில் கோர் எண்ணிக்கையை மட்டும் எழுதி வாங்காதீர்கள். பிராசசரின் முழு மாடல் எண்ணையும் கிராபிக்ஸ் கார்டின் முழுப் பெயரையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், ராத்திரி எட்டு மணிக்குள்.