வலது பக்கம் கவுற தட்டு: ஒரு பக் ஃபீச்சரான கதை

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு மெயில். பெசன்ட் நகர் பீச்ல அல்டிமேட் ஃபிரிஸ்பி ஆடுற ஒரு தம்பி எழுதியிருந்தான். அவன் டீம்ல ஒருத்தரோட அக்கா அமெரிக்காவுல இருந்து வராங்களாம், வரும்போது டிஸ்க் கோல்ஃப் தட்டு ரெண்டு வாங்கிட்டு வரச் சொல்லப் போறாங்களாம். "அண்ணா, நெட்ல பார்த்தா புதுசா ஆடுறவங்க அண்டர்ஸ்டேபிள் ஃபேர்வே டிரைவர் வாங்கணும்னு போட்டிருக்கு. அந்த வகையிலயே முப்பது பேர் இருக்கு. எதை வாங்குறது?"

ரெண்டு வரியில பதில் போட்டிருக்கலாம். ஆனா அந்த "அண்டர்ஸ்டேபிள்"ங்கிற வார்த்தைக்குப் பின்னாடி கிட்டத்தட்ட ஐம்பது வருஷ வரலாறு இருக்கு. அது தெரியாம நான் தப்பான தட்டை வாங்கி, தோள்பட்டையைக் கெடுத்துக்கிட்டேன். அதனால முதல்ல வரலாறு.

டிஸ்க் கோல்ஃப் தெரியாதவங்களுக்கு: கோல்ஃப் மாதிரியே தான், பந்துக்குப் பதிலா தட்டு, குழிக்குப் பதிலா சங்கிலி தொங்குற இரும்புக் கூடை. குறைஞ்ச எறிதல்ல கூடைக்குள்ள போடணும். கிட்டக்க போட பட்டர், நடுத்தூரத்துக்கு மிட்ரேஞ்ச், அதுக்கும் மேல ஃபேர்வே டிரைவர், ரொம்ப தூரத்துக்கு டிஸ்டன்ஸ் டிரைவர். பையில பத்துப் பதினஞ்சு தட்டு சாதாரணம்.

கதை 1930-கள் கலிஃபோர்னியாவுல ஆரம்பிக்குது. ஃபிரெட் மோரிசன்னு ஒரு இளைஞர், அவரோட வருங்கால மனைவி லூசில். ரெண்டு பேரும் முதல்ல பாப்கார்ன் டின் மூடியைத் தூக்கிப் போட்டு விளையாடுறாங்க. அது சீக்கிரம் நசுங்கிடுது, கேக் சுடுற தகரத் தட்டுக்கு மாறுறாங்க. 1938-ல சான்டா மோனிகா கடற்கரையில அப்படி ஆடிட்டு இருந்தப்போ ஒருத்தர் வந்து, "அந்தத் தட்டை 25 சென்டுக்குக் குடுக்கிறீங்களா?"னு கேக்குறார். கடையில அந்தத் தட்டு வெறும் 5 சென்ட். மோரிசனுக்கு அங்கேயே வியாபாரம் புரிஞ்சுபோச்சு.

நடுவுல ரெண்டாம் உலகப் போர் வந்து, மோரிசன் பி-47 போர் விமானம் ஓட்டப் போயிட்டார். இதை ஒரு ஜாலி தகவலா சொல்லலை. திரும்பி வந்தவருக்கு இறக்கைன்னா என்ன, காத்து எப்படித் தூக்கும்னு கையில தெரிஞ்சிருந்தது. 1946-ல வரைஞ்சு பார்க்க ஆரம்பிச்சு, 1948-ல வாரன் ஃபிரான்சியோனிங்கிற கூட்டாளியோட சேர்ந்து பிளாஸ்டிக்ல முதல் பறக்கும் தட்டைக் கொண்டு வந்தார். பறக்கும் தட்டுப் பீதி அமெரிக்கா முழுக்க ஓடிட்டு இருந்த நேரம், அதனால பேரே 'ஃப்ளையிங் சாசர்'. பெருசா விக்கலை, கூட்டாளிங்க பிரிஞ்சாங்க. இன்னிக்கு யாரும் ஃபிரான்சியோனி பேரைச் சொல்றதில்ல. ஸ்டார்ட்அப்ல முதல் வருஷமே கழண்டுபோன கோ-ஃபவுண்டர் மாதிரி. பாவம்.

1955-ல மோரிசன் தனியா 'புளூட்டோ பிளாட்டர்' செஞ்சார். விளிம்பு தடிமன், மேல கிரகங்களோட பேர். 1957 ஜனவரி 23 அன்னிக்கு வாம்-ஓ கம்பெனிக்கு உரிமையை வித்தார். ஹூலா ஹூப் சுத்த வெச்ச அதே கம்பெனி. கிழக்குக் கரையில காலேஜ் பசங்க ஃபிரிஸ்பி பை கம்பெனியோட தகரத் தட்டை வீசி ஆடுறாங்கன்னு தெரிஞ்சு, அந்தப் பேரை ஸ்பெல்லிங் மாத்தி ஒட்டிட்டாங்க. 'ஃபிரிஸ்பி'ங்கிற பேர் மோரிசனுக்கு முதல்ல பிடிக்கவே இல்லையாம்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வரோம். அந்தக் காலத் தட்டுகள்ல ஒரு பிரச்சினை. மெதுவா போட்டா அழகா மிதக்கும். கொஞ்சம் பலமா எறிஞ்சீங்கன்னா ஆட ஆரம்பிக்கும், ஒரு பக்கமா சாயும், கவுந்துடும்.

இது ஏன்னு ரெண்டு நிமிஷம் பார்க்கணும். இது புரிஞ்சா தட்டு வாங்குறதுல பாதி வேலை முடிஞ்சுது. வலது கையால பேக்ஹேண்ட் போட்டா, மேல இருந்து பார்க்கும்போது தட்டு கடிகார முள் திசையில சுத்தும். சுத்துற பொருளுக்கு ஒரு விசித்திர குணம்: ஒரு இடத்துல தள்ளினா அதோட விளைவு அங்க தெரியாது, கால் சுத்து தள்ளித் தெரியும். காத்து தட்டோட முன்பக்கத்தை அதிகமாத் தூக்கினா, உண்மையில எழும்புறது வலது விளிம்பு. தட்டு இடது பக்கம் சாயும். பின்பக்கத்தை அதிகமாத் தூக்கினா எழும்புறது இடது விளிம்பு. தட்டு வலது பக்கம் கவுறும். வேகமாப் போகும்போது அப்படி வலது பக்கம் கவுற குணம் தான் அண்டர்ஸ்டேபிள். அதை எதிர்த்து நிக்கிறதும், சீக்கிரமே இடது பக்கம் வளையறதும் ஓவர்ஸ்டேபிள். வேகம் குறையக் குறைய காத்து முன்பக்கத்தைத் தூக்க ஆரம்பிக்கும், அதனால எல்லாத் தட்டுமே கடைசியில கொஞ்சமாவது இடது பக்கம் இறங்கப் பார்க்கும். இடது கைக்காரங்க எல்லாத்தையும் கண்ணாடியில பார்த்துக்கோங்க.

அடுத்து வர்றவர் எட் ஹெட்ரிக். 1964-ல வாம்-ஓவுக்கு வந்தவர். ஃபிரிஸ்பி மேல விளிம்பை ஒட்டி வட்ட வட்டமா வரம்பு இருக்கும் பார்த்திருக்கீங்களா? விரல் வழுக்காம இருக்கத்தான்னு நான் ரொம்ப நாள் நினைச்சேன். அது மேற்பரப்புல ஓடுற காத்தைக் கலைச்சு, தட்டை நிதானப்படுத்துறதுக்கு. 1967 டிசம்பர்ல அதுக்குக் காப்புரிமை கிடைச்சுது. பொம்மையா இருந்தது விளையாட்டுச் சாமானாச்சு.

அந்த மனுஷன் அதோட நிக்கலை. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல லா கன்யாடாவுல இருக்கிற ஓக் குரோவ் பூங்காவுல 1975-ல முதல் நிரந்தர டிஸ்க் கோல்ஃப் மைதானத்தை அமைச்சார். ஆரம்பத்துல இலக்கு வெறும் கம்பம் தான். தட்டு பட்டதா இல்லையான்னு சண்டை வரும்ல? அதுக்குத்தான் சங்கிலிக் கூடை. 1976-ல தொழில்முறை சங்கம் பிடிஜிஏ தொடங்கினதும் அவர் தான், உறுப்பினர் எண் 1-உம் அவர் தான். 2002-ல இறந்தப்போ, அவர் ஆசைப்படியே சாம்பலைப் பிளாஸ்டிக்ல கலந்து தட்டுகளா வார்த்தாங்க. நிஜமா.

ஆனா ஓக் குரோவ்ல அப்போ எறிஞ்சது எல்லாம் பிடிக்கிறதுக்காகச் செஞ்ச தட்டு. மழுங்கின, உருண்டையான விளிம்பு. எதிர்ல ஒரு ஆள் நிக்கிறார், அவர் கையில வலிக்காம விழணும். கோல்ஃப்ல எதிர்ல யாருமே இல்லையே, கூடைக்கு வலிக்கப் போறதில்ல. அந்த ஒரு தேவை கழண்டதும் தட்டோட உருவமே மாறலாம். இதை வடிவத்துல கொண்டு வந்தவர் டேவ் டுனிபேஸ். விளிம்பைச் சீவி, குறுக்குவெட்டுல பார்த்தா முக்கோணம் மாதிரி கூராக்கினார். 1983-ல இன்னோவா கம்பெனி தொடங்கி, அந்த விளிம்போட 'ஈகிள்' வந்தது. 1986-ல காப்புரிமை. அதுக்கப்புறம் தட்டு காத்துல மிதக்கிற பொருள் இல்ல, காத்தை வெட்டிட்டுப் போற பொருள். இன்னிக்கு பிடிஜிஏ விதிப்படி விளிம்பு அகலம் 2.6 செ.மீ.க்கு மேல போகக்கூடாது, விட்டம் 21 செ.மீ.க்குக் குறையக்கூடாது, எடை ஒரு செ.மீ. விட்டத்துக்கு 8.3 கிராமுக்கு மேல கூடாது. அதாவது வேக வெறியைச் சட்டம் போட்டு நிறுத்த வேண்டியிருந்திருக்கு.

இதுல எனக்குப் பிடிச்ச திருப்பம் இது தான். தட்டு கவுறக் கூடாதுன்னு இவ்வளவு பாடு பட்டாங்க. நிதானமும் வேகமும் கைக்கு வந்த பிறகு, கவுற குணத்தை வேணும்னே, அளந்து, திரும்பச் சேர்த்தாங்க. மேல்பகுதியோட குவிவை மாத்தலாம், விளிம்போட நுனி எந்த உயரத்துல இருக்குன்னு மாத்தலாம். நுனி கீழ இறங்கினா தட்டு அதிகமாக் கவுறும். பக்கை ஃபீச்சராக்கி, அதுக்கு ஒரு எண்ணும் குடுத்துட்டாங்க.

அந்த எண்கள் தான் இன்னோவாவோட நாலு எண் முறை: வேகம், மிதவை, டர்ன், ஃபேட். டர்ன் மைனஸ்ல போகப் போக வலது பக்கம் அதிகமா கவுறும், ஃபேட் கூடக் கூட கடைசியில இடது பக்கம் அதிகமா இறங்கும். ஒண்ணை மனசுல வெச்சுக்கோங்க. தட்டோட அளவையும் எடையையும் தான் பிடிஜிஏ பரிசோதிக்குது. பறக்கும் எண்களை எந்தச் சங்கமும் சரிபார்க்குறதில்ல, கம்பெனி தானே எழுதிக்கிறது. ஒரு கம்பெனியோட மைனஸ் 2-வும் இன்னொரு கம்பெனியோட மைனஸ் 2-வும் ஒண்ணா பறக்கணும்னு கட்டாயமே இல்ல.

இப்போ என் கதை. எட்டு மாசம் லாஸ் ஏஞ்சலஸ்ல ஆன்சைட். ஆபீஸ்ல ஒருத்தர் சனிக்கிழமை ஓக் குரோவுக்குக் கூட்டிட்டுப் போனார். முதல் நாளே பைத்தியமாயிட்டேன். அன்னிக்கு சாயங்காலமே கடைக்குப் போய், வேக எண் 12 போட்ட தட்டு வாங்கினேன். பெரிய நம்பர்னா நல்ல போன் தானே, அதே லாஜிக். டர்ன் மைனஸ் 1, ஃபேட் 3. எறிஞ்சேன், 40 மீட்டர் போய் இடது பக்கம் செங்குத்தா விழுந்தது. இன்னும் பலமா எறிஞ்சேன், இன்னும் சீக்கிரம் விழுந்தது. மூணு வாரம் இதே. நாலாவது வாரம் தோள்ல வலி, கையைத் தலைக்கு மேல தூக்கிச் சட்டை போட முடியலை. உடம்புல தான் ஏதோ கோளாறு, நமக்கெல்லாம் இது வராதுன்னு பையை அலமாரியில போட்டுட்டேன்.

கோளாறு கையில இல்ல, ஜோடியில. அந்த நாலு எண்ணும் ஒரு குறிப்பிட்ட வேகத்துல எறிஞ்சாத்தான் பொருந்தும். வேகம் 12 தட்டுக்கு அதுக்கேத்த கை வேணும். மெதுவான கைக்கு டர்ன் வர்ற அளவுக்கு வேகமே கிடைக்காது, ஃபேட் மட்டும் தான் மிஞ்சும். ஆனா டர்ன் மைனஸ் 2, ஃபேட் 1 இருக்கிற மெதுவான தட்டை அதே கை எறிஞ்சா, லேசா வலது, லேசா இடது, மொத்தத்துல நேரா போகும். இது சலுகையும் இல்ல, 'பிகினர் மோட்'டும் இல்ல. 2002-ல ஸ்வீடன்காரர் கிறிஸ்டியன் சாண்ட்ஸ்ட்ரோம் கலிஃபோர்னியாவோட எல் மிராஜ் வறண்ட ஏரியில 250 மீட்டர் எறிஞ்சு உலக சாதனை செஞ்சது இன்னோவா வால்கிரியால. அதோட வேகம் 9, டர்ன் மைனஸ் 2. கவுற குணம் அவருக்குத் தூரத்தைக் குடுத்தது.

சரி தம்பி, உன் கேள்விக்கு வரேன். இப்போ 60 மீட்டருக்குள்ள தான் எறியிறேன்னா யோசிக்காம இன்னோவா லெப்பர்ட். எண்கள் 6, 5, மைனஸ் 2, 1. லெப்பர்ட்3-னு ஒண்ணு இருக்கு, அது தட்டையா, இன்னும் கொஞ்சம் வேகமா இருக்கும். பேர் ஒண்ணா இருக்கேன்னு மாத்தி வாங்கிடாதே. ஸ்வீடன் கம்பெனி லாட்டிட்யூட் 64-ஓட ரிவர் 7, 7, மைனஸ் 1, 1. மிதவை 7-ங்கிறது ரொம்ப அதிகம், மெதுவான கைக்கு வரம். ஆனா காத்து அடிச்சா அதைத் தூக்கிட்டுப் போயிடும். அதே கம்பெனியோட டயமண்ட் 8, 6, மைனஸ் 3, 1. எடை குறைவா வார்க்கிறதால சின்னக் கைக்கும் சுத்து நல்லா ஏறும். சைட்வைண்டர் 9, 5, மைனஸ் 3, 1, ரோட்ரன்னர் 9, 5, மைனஸ் 4, 1. இது ரெண்டும் எனக்குப் பிடிக்கும், ஆனா முதல் தட்டா வேண்டாம். கொஞ்சம் கை வேகம் வந்ததும் ரோட்ரன்னர் வலது பக்கம் கவுந்து தரையில சக்கரமா உருளும். சில பேர் அதுக்காகவே வாங்குறாங்க, அது வேற கலை.

நெட்ல "அண்டர்ஸ்டேபிள் பழகினா ஃபார்ம் கெட்டுப்போகும், கவுறாம இருக்க பயந்து பயந்து எறிவே"ன்னு ஒரு கோஷ்டி சொல்லும். எனக்கு நேர்மாறா நடந்தது. லெப்பர்டை இடது விளிம்பு கொஞ்சம் கீழ இருக்கிற மாதிரி சாய்ச்சு விட்டா, போகப் போக தானா நிமிர்ந்து, கொஞ்ச நேரம் தட்டையா நேரா போகும். ஹைசர் ஃபிளிப்னு பேர். பலத்தால அது வராது, சுத்தமா விட்டா மட்டும் வரும். ஓவர்ஸ்டேபிள் தட்டு என் தப்பை எல்லாம் மறைச்சுட்டு இருந்தது, இது ஒவ்வொண்ணையும் காட்டிக் குடுத்தது. நல்ல லாக் ஃபைல் மாதிரி.

இன்னும் ஒரு விஷயம், பிளாஸ்டிக். விலை குறைவான சாதாரண பிளாஸ்டிக் மரத்துல அடிபட்டு அடிபட்டுத் தேயும். தேயத் தேய தட்டு அதிகமாக் கவுறும். விலை கூடின பிளாஸ்டிக் ரொம்ப நாள் அப்படியே இருக்கும். நீ வாங்கும்போது இருக்கிற எண் ஒரு வருஷம் கழிச்சு இருக்காது. பழைய ஆளுங்க ஒரே தட்டுல புதுசு, பாதி தேஞ்சது, முழுசா தேஞ்சதுன்னு மூணு வெச்சிருப்பாங்க.

எனக்கு வலி போனதும் ஓக் குரோவ்ல ஒரு பெரியவர் தன்னோட பழைய லெப்பர்டைக் குடுத்தார். சாதாரண பிளாஸ்டிக், விளிம்பெல்லாம் சிராய்ப்பு, பழைய ஆளோட பேர் மேல அவர் பேர் எழுதியிருந்தது. ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தின வாரம் திருப்பிக் குடுக்கப் போனேன். வாங்கி ஒரு தடவை எறிஞ்சார். அது வலது பக்கம் போய், ஓக் மரத்துக்குள்ள மறைஞ்சது. போய் எடுத்துட்டு வந்து என் கையிலயே வெச்சு, என் கைக்கு இது ரொம்பத் தேஞ்சுபோச்சு, உன் கைக்கு இன்னும் கொஞ்ச நாள் வரும்னு சொன்னார்.

அந்தத் தட்டு இப்போ சென்னையில இருக்கு. சாயங்காலம் பீச்ல கடல் காத்துக்கு எதிரா எறிஞ்சா ரெண்டு நொடியில கவுந்துடுது. எதிர்காத்துல தட்டுக்கு மேல படுற வேகம் கூடிடும், கவுற குணமும் கூடிடும். காத்தை முதுகுல வாங்கி ஊர்ப் பக்கமா எறிஞ்சா இன்னும் நேராத்தான் போகுது. கடல் பக்கம் மட்டும் எறியாதே தம்பி, கோல்ஃப் தட்டுல நிறைய தண்ணியில மிதக்காது. லெப்பர்ட் ஒண்ணு, ரிவர் ஒண்ணு சொல்லிவிடு. வந்ததும் சொல்லு, நானும் வரேன்.